அரை ஏக்கர்ப் பாட்டு

நாலாவது தடவையும் பாட்டின் இரண்டாம் அடியில் வைத்து வாட்டர் பம்ப் இரையத் தொடங்கியது.

பத்மாசனி பாட்டை நிறுத்தினாள். நிரஞ்சன் கிற்றார்க் கம்பிகளை உள்ளங்கையால் அமத்தினான். நெல் மூட்டைகளுக்கு நடுவில், கவிழ்த்து வைத்த வாளியின்மேல் சாத்தியிருந்த அவனுடைய போன் மட்டும் விடாமல் பதிந்துகொண்டிருந்தது.

"வயலுக்குத் தண்ணி கட்டுறாரோ, அன்ரி?"

"வெட்டி முடிஞ்ச வயலுக்கு ஆர் தம்பி தண்ணி கட்டுறது?"

அவள் எழும்பிப் போய் நெல்லறையின் சிறிய மர யன்னலைத் திறந்தாள். ஆவணி வெயில் முகத்தில் அறைந்தது. சிறுபோகம் வெட்டி ஒன்பது நாளாகிவிட்டது. அடிக்கட்டைகள் காய்ந்து வெளிறிக் கிடந்தன. வாய்க்கால் கரையில், மருத மரத்தின் கீழே, அவள் கணவர் ஐயாத்துரை சாறத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். பக்கத்தில் பம்ப் அதிர்ந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் உறிஞ்சிய தண்ணீர் நீலக் குழாய் வழியே நாலு முழம் ஓடித் திரும்பவும் அதே வாய்க்காலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. அவர் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. பீடி ஒன்றைப் பற்ற வைத்தார்.

"எண்ணெய் முடியுமட்டும் எழும்ப மாட்டார்," என்று யன்னலைச் சாத்தினாள். "தேத்தண்ணி குடியும் தம்பி. அவற்ற எண்ணெய் முதல் முடியுதோ, என்ர தொண்டை முதல் முடியுதோ பாப்பம்."

ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து நாலு கட்டைத் தூரம் உள்ளே, வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு காட்டோரமாகப் போனால் வருகிற கடைசி வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஐயாத்துரையின் தகப்பன் குடாநாட்டிலிருந்து குளத்துத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து வந்தவர். வந்த இடத்தில் வாய்க்கால் கரையோடு கொஞ்சம் மேட்டுக்காணியும் உறுதிப் பத்திரத்தோடு வாங்கிப் போட்டவர். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய வருஷம், அந்த மேட்டுக்காணியின் மூலையில் அரை ஏக்கரில், வடிவம்மாவும் அவள் மகன் நிரஞ்சனும் தகரக் கொட்டில் போட ஐயாத்துரை விட்டார். வயலுக்கு ஆள் தேவைப்பட்டது. காகிதம் எதுவும் எழுதவில்லை. பதின்மூன்று வருஷமாக அப்படியே இருந்தது.

வடிவம்மா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். நிரஞ்சன் இங்கே பிறந்தவன், முப்பத்தொரு வயது. வெட்டுக் காலத்தில் மெசின் ஓட்டுவான். கொழும்பில் ஒரு ஹோட்டலில் மூன்று வருஷம் வேலை செய்தபோது, அங்கே வாசிக்க வருகிற ஒருவனிடம் கிற்றார் பழகிக்கொண்டான்.

பாட்டு தொடங்கியது பிரியந்தினியால். வவுனியாவில் வேலை செய்கிற மகள், சனிக்கிழமைகளில் வந்து போகிறவள். மாசி மாதத்தில் ஒருநாள் தாய் உழுந்து புடைத்தபடி ஒரு பழைய பொப் பாட்டை முணுமுணுத்ததைப் போனில் பிடித்து யூரியூப்பில் போட்டுவிட்டாள். நிரஞ்சன் அதைக் கேட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமையே கிற்றாரோடு வந்து முற்றத்தில் நின்றான்.

அவை பத்மாசனியின் இளமையில் வானொலியில் வந்த பாட்டுகள். மேளமும் ட்ரம்பற்றும் சேர்ந்து, இருக்கிறவனைக் கையில் பிடித்து ஆட எழுப்புகிற பாட்டுகள். கலியாண வீட்டு பஸ்ஸில் பிள்ளைகள் கைதட்டிப் பாடுவார்கள்.

"அன்ரி, இந்தப் பாட்டில மனிசன் கப்பலுக்குப் போறான். ஏழு வருசம் கடிதமில்லை. பெண்சாதி கரையில நிக்கிறா. இதுக்கு ஏன் இவ்வளவு மேளம்? மேளத்தை எடுத்துப்போட்டு, பாதி வேகத்தில பாடிப் பாருங்கோ. என்ன மிஞ்சுது எண்டு பாப்பம்."

முதலில் வீட்டு விறாந்தையில் பதிந்து பார்த்தார்கள். தகரக் கூரை வெயிலில் காய்ந்து படபடத்தது. மயில் கத்தியது. காட்டுப் பக்கத்தில் யாரோ யானை கலைக்க வெடி போட்டார்கள். ஒருநாள் நெல் மூட்டை இறக்க வந்த நிரஞ்சன் நெல்லறைக்குள் நின்று இருமினான். இருமல் சுவரில் பட்டுத் திரும்பி வரவில்லை. மூட்டைகள் அதைக் குடித்துவிட்டன. அன்றிலிருந்து அதுதான் அவர்களுடைய பதிவு அறை. உள்ளே நெல்லுத் தூசி மூக்கை அரித்தது. வேர்வை கழுத்தால் ஒழுகியது. ஒரு பாட்டுக்குப் பதினைந்து தரம், இருபது தரம். எங்காவது விரல் கம்பியில் தேய்ந்த சத்தம் கேட்டால் நிரஞ்சன், "இன்னொருக்கா அன்ரி," என்பான். அவள் முகம் சுளிக்கமாட்டாள். வயலில் நாற்று நடும்போது கோணலாகப் போன நிரையை அவளும் அப்படித்தான் பிடுங்கித் திரும்ப நடுவாள்.

மேளத்தை எடுத்ததும் மிஞ்சியது கோபம். அவளுடைய குரல் தடித்த, தாழ்ந்த சுருதிக் குரல். கப்பலுக்குப் போனவனை அந்தப் பெண்சாதி கேட்கிற கேள்வியை அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தபோது நிரஞ்சனுக்குக் கை மயிர் எழும்பியது. கேட்டவர்கள் எல்லாரும் யூரியூப்பில் பாட்டுக்குக் கீழே 'கண்ணீர் வந்தது' என்று எழுதினார்கள். அது கண்ணீருக்கான பாட்டில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பம்ப் ஓய்ந்த பிறகு பதிந்த அந்த நாலாவது பாட்டைப் போட்ட கிழமை கனடாவிலிருந்து ஐயாத்துரையின் தம்பி குகநேசன் போன் எடுத்தான். ஐயாத்துரை முற்றத்தில் நின்று கதைத்தார். போனின் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

"அண்ணை, ஊர்ச்சனம் முழுக்க எனக்கு அனுப்புது. அண்ணி பாடுறா. பக்கத்தில ஒட்டிக்கொண்டு ஒருத்தன் இருந்து கிற்றார் அடிக்கிறான். ஆரண்ணை அவன்? உங்கட கொட்டிலில இருக்கிறவளின்ர பெடியனோ? இஞ்ச என்னால தலை காட்டேலாமல் கிடக்கு."

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். குளத்து மீன் குழம்பும் முருங்கையிலை வறையும். அவள் சோற்றைப் போட்டாள். அவர் தொடவில்லை.

"எத்தினை பேர் பாத்தவையாம்?"

"எனக்குத் தெரியா. பிள்ளைக்குத்தான் தெரியும்."

"நான் சொல்லுறன். ஒண்டேகால் லட்சம். ஒண்டேகால் லட்சம் பேர் என்ர பெண்சாதியின்ர வாயைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாங்கள்."

"பாட்டைக் கேட்டவை."

"ஆம்பிளையள் எப்பிடிக் கேப்பாங்கள் எண்டு எனக்குப் படிப்பிக்க வாறாய். முள்ளியவளை மைதானத்தில நீ இசைக்குழுவோட ஏறிப் பாடேக்க விசில் அடிச்சாங்களே, அதில நானும் ஒருத்தன்."

பத்மாசனியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. முப்பத்தேழு வருஷக் கலியாணத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. அந்த மேடையில் ஏறியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அடுத்த வருஷம் அவர் வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். இனி மேடையில் ஏறக்கூடாது என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே ஒரு விஷயம்.

"விசில் அடிச்சுப்போட்டுத்தான் பொம்பிளை கேட்டு வந்தனியள்?"

"ஓம். வந்து, பாட்டையும் நிப்பாட்டினனான். விசில் அடிச்ச மனிசன் வேற என்ன செய்வான்?"

"கேட்டுக்கொண்டு இருந்திருக்கலாம்."

அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். குழம்பு மேசையில் சிந்தியது.

"அதை விடு. அவன் உன்னை என்ன முறையில அன்ரி எண்டுறான்? தாய்க்காரி அம்மா எண்டுறாள். அவள் பதின்மூண்டு வருசமா இந்தக் குசினி வாசலைத் தாண்டி உள்ளுக்கு வந்ததில்லை. இவன் வந்து நெல்லுக்கு மேல ஏறிக் குந்தியிருந்துகொண்டு அன்ரியாம்! ஆர் குடுத்த இடம்?"

"நான் குடுத்த இடம்."

"அப்ப நான் குடுத்த இடத்தை நான் எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு எழும்பினார். அதன் அர்த்தம் அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையில் கச்சான் கடலை பிடுங்க வடிவம்மா வழமைபோல வந்தாள். வழமைபோல வாசலில் நின்று தேத்தண்ணி கேட்கவில்லை. நேரே தோட்டத்துக்குள் இறங்கி, செடியைப் பிடித்துப் பிடுங்கி, மண்ணை உதறி எறிந்துகொண்டே போனாள். பத்மாசனி பக்கத்து நிரையில் இறங்கினாள். மண் இறுகியிருந்தது. இரண்டு பேருக்கும் நகத்தடியில் மண் ஏறியது.

"அம்மாவுக்கு எத்தன வயசு?" என்றாள் வடிவம்மா, நிமிராமல்.

"அம்பத்தாறு."

"எனக்கு அறுவது. எனக்கும் பாட்டு வரும். நாத்து நடுறப்ப நான் பாடுறத நீங்களே கேட்டிருக்கீங்க. அது வேலையோட போயிரும். ஒங்க பாட்டு என் வூட்டத் தின்னுட்டுல்ல போகுது."

"என்ன சொல்லுறாய் வடிவம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஐயா நேத்து பொழுதுபட வந்தாரு. தைப்பொங்கலுக்கு முன்னாடி தகரத்தக் கழட்டிக்கிட்டுப் போயிரணுமாம். மகன் கிட்டார் வாசிக்கிறான்ல, எங்கயாச்சும் போயி வாசிச்சிப் பொழச்சிக்கட்டுமாம்."

பத்மாசனி பிடுங்கிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியா. சத்தியமாத் தெரியா."

"தெரிஞ்சா மட்டும்?" வடிவம்மா இப்போது நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்ததில் செம்மண் கன்னத்தில் கோடிட்டது. "எழுவத்தேழுல லயத்து வீட்டுக்கெல்லாம் நெருப்பு வச்சாங்க. ஒரு பொட்டணியோட லொறியில ஏறினோம். அப்புறம் சண்டைன்னாங்க, எந்திரிச்சோம். ஷெல்லுன்னாங்க, எந்திரிச்சோம். முகாமுக்குப் போன்னாங்க, போனோம். இது அஞ்சாவது எடம். ஒவ்வொரு தடவையும் ஊரே எந்திரிச்சிச்சி, நாங்களும் எந்திரிச்சோம். ஒரு பொம்பள பாடினான்னு எந்திரிச்சிப் போற மொத ஆளு நாந்தான்."

"நான் அவரோட கதைக்கிறன்."

"வேணாம். நீங்க கதைச்சா தைக்கு முன்னாடிங்கிறது தீவாளிக்கு முன்னாடின்னு ஆயிரும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அதையும் நாந்தான் சொல்லணுமா? ஒங்களுக்கு வூடு இருக்கு, வயலு இருக்கு. பொழுது போகல, பாடுறீங்க. அவனுக்குப் பெரிய வூட்டு அம்மா பக்கத்துல ஒக்காந்து வாசிக்கிறது பெரும. நான் சொன்னேன், வேணான்டா, அவங்க ஒன்னைய ஒக்கார வைக்கிறாங்களே தவிர, ஒனக்குன்னு ஒரு எடம் தரமாட்டாங்கன்னு. கேட்டானா?"

"பொழுது போகாமல் பாடுறனோ நான்?" பத்மாசனிக்குக் குரல் உயர்ந்தது. "என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"ஒங்களுக்கு என்னைப் பத்தி என்ன தெரியுமோ அதேதான்."

வடிவம்மா திரும்பக் குனிந்தாள். பின்னேரம் போகும்போது பிடுங்கிய கச்சானில் ஒரு பிடி அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போவது வழக்கம். அன்று வெறும் மடியோடு போனாள்.

பத்மாசனி சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தாள். மகள் வந்து குளித்துச் சாப்பிட்டு முடிந்ததும், ஐயாத்துரை வெற்றிலைத் தட்டத்தோடு இருந்த இடத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"இஞ்சாருங்கோ. பாட்டெல்லாத்தையும் அழிக்கிறன். இனிப் பதியிறதில்லை. பாடுறதுமில்லை. நெல்லறைக்குள்ளயும் இல்லை, வயலுக்குள்ளயும் இல்லை. பேரப்பிள்ளை பிறந்தால் தாலாட்டும் இல்லை. ஆனால் அந்த அரை ஏக்கரை வடிவம்மான்ர பேரில எழுத வேணும்."

ஐயாத்துரை சிரித்தார்.

"என்ன, பாட்டை விக்கிறியோ?"

"ஓம். விக்கிறன். வாங்கிறியளோ?"

"அம்மா, உங்களுக்கு விசரோ?" என்று பிரியந்தினி தாயின் கையைப் பிடித்தாள். பத்மாசனி கையை உதறினாள்.

"நீ கதையாதை பிள்ளை. இது எனக்கும் உன்ர அப்பாவுக்கும்."

"அவளை எழுப்ப எனக்கு ஒரு சதமும் செலவில்லை," என்றார் ஐயாத்துரை. "நான் ஏன் காணி குடுத்து வாங்கவேணும்?"

"எழுப்புங்கோ. எழுப்பினால் நான் பாடுவன். பம்ப் போட்டால் பம்ப் சத்தத்தோட பாடுவன். சந்தைக்குள்ள நிண்டு பாடுவன். உங்கட கோயில் பொங்கலுக்குப் பானைக்குப் பக்கத்தில நிண்டு பாடுவன். என்ர வாயை மூட உங்களிட்ட வேற வழி இருந்தால் சொல்லுங்கோ."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பிப் போனார். ஐந்தாம் நாள் கோயில் நிர்வாகக் கூட்டம்; அவர்தான் பொருளாளர். பொங்கலுக்கு இசைக்குழு பிடிக்கிற கதை வந்தபோது யாரோ பின்னாலிருந்து, "எங்கட பொருளாளர் வீட்டில குழு ரெடியாயிருக்கு. நெல்லறையைத் திறந்து விட்டாக் காணும்," என்றானாம். தலைவர்கூடச் சிரித்தாராம். அவர் சைக்கிளை வேலியில் சாத்தாமல் முற்றத்தில் விழுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"எழுதுவம்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பிரியந்தினிதான் உடன்படிக்கையைக் கொப்பியில் எழுதினாள். தாய் சொல்லச் சொல்ல எழுதினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முல்லைத்தீவில் நொத்தாரிசிடம் போய் உறுதி முடித்த அன்று, வீட்டுக்கு வந்த கையோடு பத்மாசனி பாட்டுகளை அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் போன், உண்மையாகவே அழிக்கவா என்று கேட்டது. மகள் முதலில் போட்டதோடு சேர்த்து ஐந்து தரமும் அவள் தன் விரலாலேயே அமத்தினாள். பிறகு போய் அடுப்பில் உலை வைத்தாள்.

வடிவம்மா உறுதியை வாங்கிப் பார்த்துவிட்டு, அதைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. "நாளைக்கு வேலைக்கு வரணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நிரஞ்சன் அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் வந்தான். கிற்றார் கொண்டுவரவில்லை. இறங்கவுமில்லை. எஞ்சினை நிறுத்தாமல் வேலிப் படலையடியில் நின்றான்.

"நாலு பாட்டு. ஒவ்வொண்டும் எத்தினை தரம் வாசிச்சனாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். என்ர விரலும்தான் அதில இருந்தது. என்னைக் கேட்டனீங்களோ?"

"உம்மட அம்மான்ர வீடு தம்பி. அதைக் காப்பாத்த..."

"கேட்டால் நான் வேண்டாம் எண்டிருப்பன். அது தெரிஞ்சுதான் கேக்காமல் விட்டனீங்கள்."

"வேண்டாம் எண்டுபோட்டு எங்க போயிருப்பீர்? தாயைக் கூட்டிக்கொண்டு?"

"அது எங்கட பாடு. ஐயா எங்களைக் கேக்காமல் எழும்பு எண்டார். நீங்கள் எங்களைக் கேக்காமல் இரு எண்டு சொல்லிப்போட்டீங்கள். எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் இருக்கு. நான் நினைச்சன் அந்த அறைக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டு எண்டு."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. தான் செய்ததும் சரி என்றுதான் பட்டது.

"வாறனம்மா," என்றான். அந்தச் சொல்லை அவன் அழுத்திச் சொன்னான். "அம்மா மாதிரி நானும் அம்மா எண்டே கூப்பிடுறன் இனி."

மோட்டார் சைக்கிள் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. குளம் நிரம்பி வழிந்தது. காலபோகப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அந்த மழைக்குள்தான் குகநேசன் இருபது வருஷத்துக்குப் பிறகு பெண்சாதி சிவலட்சுமியோடும் வளர்ந்த இரண்டு பெடியன்களோடும் வாடகை வான் பிடித்து வந்து இறங்கினான். ஐயாத்துரை புது வேட்டி கட்டியிருந்தார். ஊர்க்கோழி அடித்துக் காய்ச்சினார்கள். பிரியந்தினி லீவு போட்டு வந்து தாய்க்கு உதவினாள். மத்தியானம் எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். தகரத்தில் மழை கொட்டியதால் சத்தம் போட்டுத்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"அண்ணி, எங்க உங்கட பாட்டுகள்? தேடினால் ஒண்டையும் காணேல்ல!" என்றான் குகநேசன், எலும்பைக் கடித்தபடி. "அங்க எங்கட ஒன்றுகூடலில ஆரோ வைச்சிருந்து போட்டவை. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. ஆர் பாடினது எண்டு கேட்டவைக்கெல்லாம் என்ர அண்ணி எண்டு சொன்னனான்."

ஐயாத்துரை நிமிர்ந்து பார்த்தார். "நீதானே தலை காட்டேலாமல் கிடக்கு எண்டாய்?"

"அது அப்ப அண்ணை. அப்ப சனம் என்ன சொல்லுமோ எண்டு இருந்தது. இப்ப சனம் நல்லாச் சொல்லுது." அவன் சிரித்தான். "ஒண்டு பாடுங்கோ அண்ணி. சிவலட்சுமி வீடியோ எடுப்பா. அங்க கொண்டுபோய்க் காட்டவேணும்."

சிவலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஐயாத்துரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பத்மாசனி பார்த்தாள். விசில் அடித்த காலத்தில் இந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"பாடுமன்," என்றார். ஆவணிக்குப் பிறகு அவர் அவளை மரியாதையாக 'நீர்' போட்டுக் கதைத்தது அதுதான் முதல் தரம். "தம்பி ஆசையாக் கேக்கிறான். ஒரு பாட்டுத்தானே, பாடும்."

அவளுக்குப் பாட ஆசையாகத்தான் இருந்தது. மூன்று மாதமாகப் புடைக்கும்போதும், அரைக்கும்போதும், குளிக்கும்போதும் வாயை இறுக்கி மூடியிருந்ததில் தாடை நொந்தது. அவள் குழம்புச் சட்டியை மேசையில் வைத்தாள்.

"நான் பாடேலாது தம்பி. உங்கட அண்ணர் வாங்கிப்போட்டார்."

"என்னத்தை?"

"என்ர பாட்டை. வாய்க்கால் கரையில அரை ஏக்கர் குடுத்து வாங்கினவர். உறுதி முடிஞ்சுது, வடிவம்மான்ர பேரில. காணி திரும்பி வந்தால்தான் பாட்டுத் திரும்பும். வேணுமெண்டால் போய் அவளைக் கேளுங்கோ."

குகநேசன் கையிலிருந்த எலும்பைக் கோப்பையில் வைத்தான்.

"எந்தக் காணி? அப்பு வாங்கின மேட்டுக்காணியோ?" அவன் தமையன் பக்கம் திரும்பினான். "அண்ணை, அண்ணி சொல்லுறது உண்மையோ? அப்புன்ர காணியைத் தோட்டக்காட்டாருக்குக் குடுத்தனீங்களோ? ஒரு பொம்பிளை பாடாமல் இருக்கவோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்? விசர் பிடிச்சதோ உங்களுக்கு?"

பெடியன்கள் இரண்டு பேரும் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். சிவலட்சுமி வாயைப் பொத்தினாள், சிரிப்பை மறைக்கத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஐயாத்துரையின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

"ஆற்ற பாட்டுக்கும் நான் குடுக்கேல்ல! பதின்மூண்டு வருசம் என்ர வயலில நாரி முறிய வேலை செய்தவள் அவள். யானை வயலுக்குள்ள இறங்கேக்க வெடியைக் கொளுத்திக்கொண்டு என்னோட நிண்டது நீயோ, அவளின்ர பெடியனோ? வெள்ளத்தில வரம்பு உடையேக்க மண்ணைச் சுமந்தது ஆர்? நீ அங்க இருந்துகொண்டு போன் எடுத்தனி. அவள் இஞ்ச நிண்டவள். அவளின்ர நிலம் அது. குடுத்தனான். என்ர விருப்பத்தில குடுத்தனான். என்ன இப்ப?"

"அவங்களுக்காக என்னோட கத்துறியளோ அண்ணை?"

"ஓம், கத்துறன். சாப்பிடுறதெண்டால் சாப்பிடு. இல்லையெண்டால் வான் நிக்குது."

குகநேசன் கை கழுவாமலே எழும்பினான். பெண்சாதியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டான். மழைக்குள் அவர்கள் நாலு பேரும் ஒரு குடைக்குக் கீழே இடிபட்டு ஓடினார்கள். வான் சேற்றில் இரண்டு தரம் உழன்று பிறகு போய்விட்டது. பிரியந்தினி விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஐயாத்துரை அந்தக் கதிரையில் திரும்ப இருந்தார். பத்மாசனி அவருக்கு எதிரே, குகநேசன் விட்டுப்போன கதிரையில் அமர்ந்து, அவனுடைய கோப்பையை ஒதுக்கிவிட்டு, ஒரு கோப்பையில் தனக்குச் சோறு போட்டாள். பெரிய துண்டாக ஒரு கோழித் துண்டு எடுத்தாள்.

"இப்ப சந்தோசமோ?" என்றார்.

அவள் நிதானமாக மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"தம்பிக்குச் சொன்னதெல்லாம் உண்மையோ?"

"கோவத்தில சொன்னது."

"தெரியும். கோவத்தில சொன்னாலும் வடிவாச் சொன்னியள்." குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். "நாளைக்கு மழை விட்டால், அவளிட்டயும் போய் ஒருக்காச் சொல்லிப்போட்டு வாங்கோ. உங்கட வாயால."

அவர் கோழிச் சட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழும்பவில்லை.